மாதக் கணக்கில் துண்டு விழாமல் குடும்பப் பணத்தை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாதா மாதம் பட்ஜெட் போட்டும் கையில் பணம் நிற்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் பழி போடுவது வெளிச்சாப்பாட்டின் மீதுதான். ஒரு வருடத்து வங்கிக் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் துண்டு விழும் இடம் வேறாக இருக்கும். காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டியின் டயர், கல்யாண மொய், பழுதான சலவை இயந்திரம் என்று மாதக் கணக்குக்குள் அடங்காத செலவு வந்த மாதங்களில்தான் சேமிப்பு கரைந்திருக்கும், அல்லது கடன் அட்டை தேய்க்கப்பட்டிருக்கும். இவற்றை "எதிர்பாராத செலவு" என்கிறோம். போன ஆண்டும் இதே மாதத்தில்தான் பிரீமியம் வந்தது. டயர் தேயும் என்பதும் தெரியும். எதிர்பார்க்கத் தவறிய செலவு என்பதே சரியான பெயர்.

எனவே இந்த வழிகாட்டியின் நடுநாயகம் அந்த ஆண்டுச் செலவுப் பட்டியல்தான். மற்ற படிகள் அதற்கு முன்னும் பின்னும் வருபவை.

படி 1: இப்போது பணம் எங்கே போகிறது?

புதிதாக எழுத ஆரம்பிப்பதற்கு முன், நடந்து முடிந்ததைப் பாருங்கள். கடந்த 12 மாத வங்கி அறிக்கையையும் கடன் அட்டை அறிக்கையையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். 3 மாதம் போதும் என்று பலர் சொல்வார்கள். 3 மாதத்தில் ஆண்டுச் செலவுகள் பாதிக்கு மேல் கண்ணில் படாது. அதனால் 12 மாதமே எடுங்கள், ஒரு மாலை நேரம்தான் செலவாகும்.

ஒவ்வொரு வரியையும் ஏதாவது ஒரு தலைப்பில் சேருங்கள். தலைப்புகள் 8 முதல் 10 வரை இருந்தால் போதும். காய்கறி, பழம், பால் என்று தனித்தனியாகப் பிரித்து 30 தலைப்பு வைத்தவர்கள் இரண்டாவது வாரத்தில் கணக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவார்கள். தலைப்பு என்பது முடிவெடுக்க உதவ வேண்டும். பாலுக்கும் பழத்துக்கும் தனித்தனி முடிவு எதுவும் நீங்கள் எடுக்கப்போவதில்லை என்றால் இரண்டும் மளிகையிலேயே இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் கணக்கு தப்பாகும் இடங்கள் மூன்று. கடன் அட்டையில் பொருள் வாங்கியதை ஒரு முறையும், அந்த அட்டையின் பில்லைக் கட்டியதை இன்னொரு முறையும் எழுதுவது முதலாவது. அப்படி எழுதினால் ஒரே செலவு இரண்டாகிவிடும். பொருள் வாங்கியது மட்டுமே செலவு, பில் கட்டுவது கடனைத் தீர்ப்பது. உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணத்தைச் செலவாக எழுதுவது இரண்டாவது. மூன்றாவது, ஏடிஎம்மில் எடுத்த ரொக்கத்தைப் "பணம் எடுத்தது" என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுவது. எடுத்த 5,000 எங்கே போனது என்று தெரியாமல் அந்தத் தலைப்பு பெருத்துக்கொண்டே போகும். ரொக்கச் செலவுக்கு மட்டும் ஒரு மாதம் சின்ன நோட்டு வைத்து அன்றன்றைக்கு எழுதுங்கள். அந்த ஒரு மாத விகிதத்தை வைத்துப் பழைய மாதங்களையும் தோராயமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அறிக்கையைப் புரட்டும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த 60 நாளில் ஒரு முறைகூடப் பயன்படுத்தாததை அன்றைக்கே நிறுத்துங்கள். தேவைப்பட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

படி 2: கையிருப்பு, கடன்

ஒரு தாளின் இடப்பக்கம் வங்கியிருப்பு, வைப்புத்தொகை, முதலீடு, திரும்பி வரும் என்று உறுதியாகத் தெரிந்த கைமாற்று. வலப்பக்கம் எல்லாக் கடன்களும்: நிலுவை, வட்டி விகிதம், மாதத் தவணை, முடியும் தேதி. இடத்திலிருந்து வலத்தைக் கழித்தால் வருவது உங்கள் நிகர மதிப்பு. அது கழித்தல் குறியோடு வந்தால் மனம் தளர வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே தாளைப் போட்டு, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இது.

படி 3: ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுப்பது

படி 1-இல் எடுத்த அறிக்கையிலிருந்து, மாதாமாதம் வராத எல்லாச் செலவையும் பொறுக்கி எடுங்கள். பல ஆண்டுக்கு ஒரு முறை வருவதை ஆண்டுக் கணக்காக மாற்றுங்கள். 18,000 பெறுமான கைப்பேசியை 3 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள் என்றால் அது ஆண்டுக்கு 6,000.

மாதம் 40,000 வருமானம் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக் கட்டணம் 18,000, காப்பீட்டு பிரீமியம் 14,000, வண்டிப் பராமரிப்பு 7,000, வீட்டில் பழுதுபார்ப்பு 5,000, துணியும் அன்பளிப்பும் 10,000, கைப்பேசிக்காக 6,000. கூட்டினால் 60,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. இந்தக் குடும்பத்தின் உண்மையான மாத வருமானம் 35,000தான். மீதி 5,000 ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம், பில் மட்டும் இன்னும் வரவில்லை.

இதுவரை செய்துவிட்டும் முதல் ஆண்டிலேயே பலர் தோற்றுப்போவதற்குக் காரணம் தேதிகள். பள்ளிக் கட்டணம் மூன்றாவது மாதத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சேர்ந்திருப்பது 15,000 மட்டுமே, 3,000 குறைகிறது. ஐந்தாவது மாதம் பிரீமியம். அப்போது மொத்தம் போட்டது 25,000, கட்ட வேண்டியது 32,000, 7,000 குறைகிறது. எட்டாவது மாதம் வண்டி, ஒன்பதில் வீட்டுப் பழுது, பத்தில் துணியும் அன்பளிப்பும் என்று போட்டுப் பாருங்கள். எட்டாம் மாதம் 1,000 மிச்சம், ஒன்பதிலும் 1,000 மிச்சம், பத்தாம் மாதம் 4,000 பற்றாக்குறை. இதில் மிக ஆழமான பள்ளம் 7,000. ஆரம்பிக்கும் நாளிலேயே 7,000 விதைப்பணமாகப் போட்டுவிட்டால் ஆண்டு முழுக்க இந்தக் கணக்கு வற்றாது. விதைப்பணம் இல்லையென்றால் முதல் ஐந்து மாதம் மட்டும் 5,000-க்குப் பதில் 6,400 போடுங்கள். மூன்றாவது மாதத்தில் 19,200, ஐந்தாவது மாதத்தில் 32,000 என்று இரண்டு பில்லுக்கும் சரியாக வந்துவிடும்.

உங்கள் பட்டியலுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 12 வரி, ஒவ்வொன்றிலும் "இதுவரை போட்டது", "இதுவரை செலவு", "வித்தியாசம்". இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் அந்த ஒன்று இதுவாக இருக்கட்டும்.

படி 4: கணக்குகளைப் பிரித்து வைப்பது

ஒரே கணக்கில் எல்லாப் பணமும் கிடந்தால் சம்பளத்துக்கு அடுத்த வாரம் எல்லோருக்கும் நாம் வசதியாக இருப்பதுபோலத் தோன்றும். மனம் பணத்தைத் தனித்தனிப் பைகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் தேலர், 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்த இயல்பை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்வோம். மூன்று கணக்கு போதும்.

முதலாவது, சம்பளம் வந்து விழும் கணக்கு. வாடகை, மின்கட்டணம், கடன் தவணை, பள்ளிப் பேருந்து போன்ற நிலையான மாதச் செலவு இதிலிருந்தே போகட்டும். நம் உதாரணக் குடும்பத்துக்கு 18,000. இரண்டாவது, அன்றாடச் செலவுக் கணக்கு, 12,000. கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலியோடு இணைந்திருக்க வேண்டியது இது ஒன்றுதான். மூன்றாவது, ஆண்டுச் செலவும் அவசர நிதியும் இருக்கும் கணக்கு. இதற்கு அட்டை வேண்டாம், செயலியிலும் இணைக்க வேண்டாம். மாதம் 5,000 ஆண்டுச் செலவுக்கும் 5,000 அவசர நிதிக்குமாக இதில் போகும். இரண்டும் ஒரே கணக்கில் இருப்பதால் எது எவ்வளவு என்பதைப் படி 3-இன் தாளில் மாதாமாதம் குறித்து வைக்க வேண்டும். குறிக்காவிட்டால் அவசர நிதியை எடுத்துத் துணி வாங்கிவிட்டு, பணம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

மாற்றங்களைச் சம்பளம் வரும் நாளிலேயே வைக்காமல் இரண்டு நாள் கழித்துத் தானியங்கி முறையில் வையுங்கள். விடுமுறையால் சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் மாற்றம் தோற்றுப்போய் அபராதக் கட்டணம் விழாது. கடன் தவணைத் தேதியையும் முடிந்தால் அதே வாரத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் செய்து தருவார்கள்.

அன்றாடச் செலவுக்கான 12,000-ஐ மாத முதல் நாளே மொத்தமாகப் போட்டால் மூன்றாவது வாரம் தீர்ந்துவிடும். வாரவாரம் விடுங்கள். நான்கால் வகுத்து 3,000 என்று விட்டால் 28 நாளில் பணம் முடிந்து, மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் தவிப்பாக இருக்கும். 31-ஆல் வகுங்கள். ஒரு நாளுக்கு 387, ஒரு வாரத்துக்கு சுமார் 2,700. கடைசி நாட்களுக்கான பங்கு தானாகவே தங்கிவிடும்.

படி 5: அவசர நிதி

எவ்வளவு வேண்டும் என்பதை வருமானத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். வருமானம் நின்றுபோனாலும் நிறுத்த முடியாத செலவு எது என்று பாருங்கள்: வாடகை, உணவு, மருந்து, கட்டணங்கள், தவணைகள், பிரீமியம். உதாரணக் குடும்பத்துக்கு அது 26,000 என்றால் முதல் இலக்கு ஒரு மாதத்துக்கான 26,000. பிறகு மூன்று மாதத்துக்கு 78,000. ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் வீட்டுக்கும், வருமானம் ஏறி இறங்கும் தொழில் செய்பவர்களுக்கும் ஆறு மாதம் வேண்டும்.

இந்தப் பணம் ஒரு நாளில் கைக்கு வர வேண்டும், மதிப்பு குறையவும் கூடாது. ஆகவே பங்குச் சந்தையில் வைக்கக் கூடாது. வேலை போகும் காலமும் சந்தை விழும் காலமும் பல நேரங்களில் ஒன்றாகவே வரும், அப்போது நட்டத்துக்கு விற்க நேரிடும். சேமிப்புக் கணக்கில் ஒரு மாதச் செலவு, மீதி எப்போது வேண்டுமானாலும் உடைக்கக்கூடிய வைப்புத்தொகையில். ஒரே பெரிய வைப்பாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போட்டால் 20,000 தேவைக்காக 80,000-ஐ உடைக்க வேண்டியிருக்காது.

எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. இது முன்கூட்டித் தெரியாததுதானா? உடல்நலம், இருப்பிடம், வருமானம் ஆகியவற்றில் ஒன்றைத் தொடுகிறதா? அடுத்த மாதம் வரை தள்ளிவைக்க முடியாததுதானா? மூன்றுக்கும் ஆம் என்றால் கூச்சமில்லாமல் எடுங்கள், அதற்காகத்தான் சேர்த்தீர்கள். எடுத்த பிறகு வேறு எந்த இலக்குக்கும் முன்னால் இதை நிரப்புங்கள்.

படி 6: கடன்

ஒரு மாத அவசர நிதி சேர்ந்ததும், மூன்று மாத இலக்குக்குப் போகாமல், மிச்சப் பணத்தை வட்டி அதிகமான கடனுக்குத் திருப்புங்கள். அந்த ஒரு மாதக் கையிருப்பு இல்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டினால் அடுத்த மருத்துவச் செலவுக்கு மறுபடி அதே அட்டையைத்தான் தேய்ப்பீர்கள்.

கடன் அட்டையின் "குறைந்தபட்சத் தொகை" எப்படி வேலை செய்கிறது என்பதை எண்ணில் பார்க்க வேண்டும். நிலுவை 50,000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சம் நிலுவையில் 5 சதவீதம் என்று வைப்போம். முதல் மாதம் வட்டி 1,500 சேர்ந்து 51,500 ஆகும். கட்டுவது 2,575. அசலில் குறைவது வெறும் 1,075. நிலுவை குறையக் குறைய, கேட்கும் குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே வரும். இப்படியே 32 மாதம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 60,000 கட்டியிருப்பீர்கள், நிலுவை இன்னும் 25,000 அளவில் நிற்கும். இதே கடனுக்கு, அட்டையில் புதிதாக எதுவும் வாங்காமல், முதல் மாதம் கட்டிய அதே 2,575-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால் 30 மாதத்தில் கடன் முழுக்கத் தீர்ந்துவிடும். ஒரு காசுகூடக் கூடுதலாகக் கட்டத் தேவையில்லை, பில் கேட்கும் தொகை குறைந்தாலும் நீங்கள் கட்டுவதைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்து "ஒரே வீத வட்டி". 1,00,000 கடன், 10 சதவீத வட்டி, 3 ஆண்டு என்பார்கள். வட்டி 30,000, மொத்தம் 1,30,000, மாதத் தவணை 3,611. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் கடைசி மாதம் வரை முழு 1,00,000-க்கே வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். கடன் கேட்கும்போது "வட்டி எவ்வளவு" என்பதோடு நிறுத்தாமல் "குறையும் நிலுவைக்கா, முழு அசலுக்கா" என்றும் கேளுங்கள்.

"வட்டியில்லாத் தவணை"யும் அப்படித்தான். 24,000 விலையுள்ள பொருளை மாதம் 2,000 வீதம் 12 மாதம் கட்டலாம், உடனே முழுப் பணம் கொடுத்தால் 2,000 தள்ளுபடி என்றால், பொருளின் உண்மை விலை 22,000. அதைக் கடனாக வாங்கி 24,000 திருப்பிக் கட்டுகிறீர்கள். ஆண்டு வட்டி 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. செயல்பாட்டுக் கட்டணம் இருந்தால் இன்னும் கூடும்.

பல கடன் இருந்தால் எல்லாவற்றுக்கும் வழக்கமான தவணையைக் கட்டிவிட்டு, மிச்சத்தையெல்லாம் வட்டி அதிகமான ஒன்றில் போடுங்கள். கணக்குப்படி இதுவே லாபம். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடக்கூடிய சின்னக் கடன் இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அதன் தவணை மாதாமாதம் கையில் நிற்கும், அதை அடுத்த கடனில் சேர்த்துக்கொள்ளலாம்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் நிலையான சம்பளம் உள்ளவர்களுக்குத்தானே என்று தோன்றலாம். தொழில் செய்பவர்களும் கமிஷனுக்கு உழைப்பவர்களும் தங்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்துக்கொள்ள வேண்டும். கடந்த 12 மாத வருமானத்தில் மிகக் குறைந்த மூன்றை எடுத்துச் சராசரி போடுங்கள். 22,000, 25,000, 28,000 என்றால் உங்கள் சம்பளம் 25,000. வருவதெல்லாம் தனி ஒரு தொழில் கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதத்தில் ஒரே தேதியில் 25,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு வரட்டும். நல்ல மாதத்தின் மிச்சம் அங்கேயே தங்கி, மோசமான மாதத்தைத் தாங்கும். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் அங்கே சேர்ந்தால், வரிக்கு வேண்டியதை ஒதுக்கிய பிறகு, மேற்பட்டதைக் கடனுக்கோ சேமிப்புக்கோ மாற்றலாம். இந்த முறையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்துவிட்டு உடனே சம்பளத்தை உயர்த்திவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் சம்பளத்தைத் தொடாதீர்கள்.

படி 7: சேமிப்பை உயர்த்துவது

இருக்கும் செலவைக் குறைப்பது வலிக்கும். இன்னும் கைக்கு வராத பணத்தை ஒதுக்குவது அவ்வளவு வலிக்காது. தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அடுத்த சம்பள உயர்வு வரும்போது சேமிப்பு விகிதத்தையும் கூட்டிக்கொள்கிறோம் என்று ஊழியர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்களின் சராசரி சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது.

நீங்களும் செய்யலாம். உயர்வு எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே "உயர்வில் பாதி மூன்றாவது கணக்குக்கு" என்று முடிவு செய்துவிடுங்கள். சம்பளம் 40,000-இலிருந்து 44,000 ஆனால் தானியங்கி மாற்றத்தில் அன்றைக்கே 2,000 கூட்டுங்கள். மீதி 2,000-ஐ மனநிறைவோடு செலவு செய்யுங்கள். ஒரு கடன் தவணை முடிந்த மாதமும் இதேபோல்தான். அந்தத் தொகை அடுத்த மாதமே அன்றாடச் செலவில் கரைந்துவிடும், அதற்கு முன் திசை காட்டிவிட வேண்டும்.

நீண்ட காலச் சேமிப்பில் விலைவாசியையும் கவனியுங்கள். 72-ஐ ஆண்டு விகிதத்தால் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று தெரியும். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலி 1494-லேயே எழுதி வைத்த கணக்கு இது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். 4 சதவீத வட்டியில் கிடக்கும் பணம் இரட்டிப்பாக 18 ஆண்டு ஆகும். மூன்று ஆண்டுக்குள் வேண்டிய பணத்துக்குப் பாதுகாப்புதான் முக்கியம், அங்கே இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுக்கு அப்பால் வேண்டிய பணத்தை அதே இடத்தில் வைத்தால் ஆண்டுதோறும் தேய்கிறது. காப்பீட்டையும் சேமிப்பையும் கலந்து விற்கும் திட்டங்களில் பெரும்பாலும் இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைக்கும். காப்பீட்டைத் தனியாக எடுங்கள், சேமிப்பைத் தனியாகப் போடுங்கள்.

மாதாந்தரச் சரிபார்ப்பு

மாதக் கடைசி நாளில் அரை மணி நேரம். கணவன் மனைவி இருவரும் உட்கார வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த பட்ஜெட்டை மற்றவர் அறியாமலே உடைத்துவிடுவார். மூன்று கணக்கின் இருப்பைத் தாளோடு ஒப்பிடுங்கள். எந்தத் தலைப்பு தொடர்ந்து மூன்று மாதம் மிஞ்சிப் போகிறதோ அந்தத் தலைப்பின் தொகையே தவறு. ஆளைக் குறை சொல்லாமல் எண்ணை மாற்றுங்கள். இருவருக்கும் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு சிறு தொகையும் இருக்க வேண்டும். அது இல்லாத பட்ஜெட்டில் செலவுகள் மறைக்கப்படும், மறைத்த செலவு கணக்கில் வராது.

ஆண்டு முடிவில் படி 3-இன் பட்டியலை மட்டும் முழுதாகத் திருத்தி எழுதுங்கள். போன ஆண்டுத் தொகையை அப்படியே போடாமல், கட்டணம் ஏறக்கூடியவற்றுக்கு 10 சதவீதம் கூட்டுங்கள். உதாரணக் குடும்பத்தில் பள்ளிக் கட்டணம் 19,800, பிரீமியம் 15,400 என்று மாறினால் மொத்தம் 63,200, மாதத்துக்கு சுமார் 5,270. விதைப்பணம் 7,000 போட்டிருந்தால் கணக்கில் 13,000 நிற்கும்: அந்த 7,000-உம் கைப்பேசிக்கான 6,000-உம். அதைப் பார்த்து மிச்சம் என்று எடுத்துவிடாமல், புது ஆண்டின் முதல் வரியிலேயே இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.